ஒரு காது மெஷின் மக்கர் பண்ணும்போது: எந்தத் தொல்லைக்கு எங்கே பார்ப்பது

எனக்கு எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தது, இடது காதும் அதோடு போய்விட்டது. வலது காது இன்றுவரை நன்றாகவே கேட்கிறது. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஏலத்தில் இடது பக்கம் நிற்கும் வியாபாரி "எழுபது" என்றாரா, "எண்பது" என்றாரா என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பியே பாதி வாழ்க்கையை ஓட்டினேன். நான்கு வருடமாகக் கிராஸ் மெஷின் போடுகிறேன். பேட்டரி மாற்றுவதில் தொடங்கி ஒகேனக்கல்லில் நனைத்தது வரை அதோடு பட்ட பாட்டையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எந்தத் தொல்லையோ அந்த இடத்தை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் அடுத்த மூன்று பத்தியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

கிராஸ் என்பது இரண்டு துண்டு. கேட்காத காதின் பின்னால் உட்காருவது வெறும் மைக். அது பிடிக்கும் சத்தத்தை வயர் இல்லாமல் மறுபக்கம் அனுப்பும். கேட்கிற காதில் இருப்பது அதை வாங்கிக் காதுக்குள் விடும். செத்த காதுக்குள் ஒரு சத்தமும் போகாது, அதை எழுப்புவது இதன் வேலையே இல்லை. கேட்கிற காதிலும் கொஞ்சம் குறை இருந்தால் அதையும் சேர்த்துத் தூக்கிக் கொடுப்பார்கள், அதற்குப் பெயர் பைகிராஸ். இங்கே நான் மைக் என்றால் செத்த காதுப் பக்கத் துண்டு, மெஷின் என்றால் நல்ல காதுப் பக்கத் துண்டு.

எந்தத் தொல்லையானாலும் முதலில் கேட்க வேண்டியது, கோளாறு எந்தத் துண்டில் என்பதைத்தான். அதற்கு ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. சத்தமில்லாத அறையில் இரண்டையும் மாட்டிக்கொண்டு, செத்த காதுப் பக்க மைக் ஓட்டை மேல் விரல் நுனியால் பூப்போலத் தேய்த்துப் பாருங்கள். நல்ல காதில் சரசரவென்று கேட்டால் மைக், நடுவில் உள்ள இணைப்பு, மெஷின் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. கேட்கவில்லையா, மெஷினை மட்டும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அனேகமாக எல்லா மெஷினும் உயிர் வரும்போது சின்னதாக ஒரு ராகம் பாடும்.

ராகம் கேட்டது, தேய்த்தது கேட்கவில்லை என்றால் பிரச்சினை மைக்கிலோ இணைப்பிலோ. ராகமே கேட்கவில்லை என்றால் மைக்கை விட்டுவிடுங்கள், மெஷினின் பேட்டரியையும் காதுக்குள் போகும் முனையையும் பாருங்கள். இந்த ஒரு பிரிவினை தெரியாமல் நான் முதல் வருடத்தில் தருமபுரிக்கு வீணாக ஐந்தாறு முறை பஸ் ஏறியிருக்கிறேன்.

செத்த காதுப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை

பத்தில் எட்டு தடவை பேட்டரிதான். மைக் நாள் முழுக்க அலை அனுப்பிக்கொண்டே இருப்பதால், சாதாரணக் காது மெஷினைவிட இதில் பேட்டரி சீக்கிரம் தீரும். பட்டாணி அளவில் வரும் துத்தநாகப் பேட்டரி கடைசிவரை ஒரே மாதிரி ஓடும், பிறகு பட்டென்று நின்றுவிடும். டார்ச் லைட் மாதிரி மெல்ல மங்கி முன்கூட்டிச் சொல்லாது. "காலையில் நல்லாத்தானே இருந்தது" என்பது இதில் கணக்கே இல்லை.

இந்தப் பேட்டரி காற்றைக் குடித்துத்தான் வேலை செய்யும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்ததும் உடனே உள்ளே போட்டு மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் வெளியே வையுங்கள். நான் மேசை மேல் வைத்துவிட்டு ஒரு டீ குடிப்பேன். பிரித்த பிறகு ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஸ்டிக்கரின் நிறம்தான் சைஸ்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கடையில் நம்பர் மறந்துபோனால் நிறத்தைச் சொல்லுங்கள். கைக்கடிகாரப் பேட்டரியைக் காட்டி "இதுவும் அதேதாங்க" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். தளி, ஓசூர் பக்கத்து ஆட்கள் மார்கழிக் காலையில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுகிறது என்பார்கள். உண்மைதான், குளிருக்கு இந்தப் பேட்டரி சோர்ந்துபோகும்.

புதுப் பேட்டரி போட்டும் வரவில்லையா? கண்ணாடி முன் நின்று, இரண்டையும் மாற்றி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். விடிவதற்குள் மண்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் நானே மாற்றி மாட்டியிருக்கிறேன். சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது.

அடுத்தது மைக் ஓட்டை. ஊசி முனை அளவுதான் இருக்கும். எங்கள் மண்டித் தூசி, தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய், முகப் பவுடர் மூன்றும் சேர்ந்து அதை மண் பூசிய மாதிரி அடைத்துவிடும். மென்மையான காய்ந்த பிரஷ்ஷால், ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு தட்டிவிட வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளேதான் இறங்கும். குண்டூசி வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், வாயால் ஊதுவதும் வேண்டாம். ஊதுகிற மூச்சில் ஈரம் இருக்கிறது.

விட்டு விட்டுக் கேட்கிறது

இது இணைப்புக் கோளாறு. சில கம்பெனி மெஷின்கள் ஒன்றோடொன்று காந்தப்புலம் வழியாகப் பேசும், சில புளூடூத்தும் வைஃபையும் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசும். காந்தப்புலத்தில் பேசுவது இண்டக்‌ஷன் அடுப்புப் பக்கத்தில் குனிந்தாலோ பெரிய மோட்டார் பக்கத்தில் நின்றாலோ கரகரக்கலாம். இரண்டடி தள்ளி நின்றதும் சரியானால் மெஷினில் ஒன்றுமில்லை.

இடம் மாறியும் விட்டு விட்டுத்தான் வருகிறது என்றால் இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பாதி தீர்ந்தது என்று ஓட்டுவதில்தான் இந்தத் தொல்லை அதிகம் வருகிறது. பிறகு இரண்டையும் அணைத்து, மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக உடனே போடுங்கள். ஒன்றையொன்று தேடிப் பிடிக்க அவற்றுக்கு அரை நிமிடம் கொடுங்கள்.

நல்ல காதே மந்தமாகிவிட்டது

இதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று அற்பம், இன்னொன்று ஆபத்து.

அற்பத்தை முதலில் சொல்கிறேன். நல்ல காதுக்குள் போகும் ரப்பர் முனைக்கு டோம் என்று பெயர். குறையில்லாத காதுக்கு ஓட்டை ஓட்டையாக இருக்கும் திறந்த டோம்தான் போட வேண்டும். மெஷின் அனுப்பும் சத்தம் ஒரு பக்கம் வர, காது தானாகக் கேட்பதும் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். எனக்கு முதன்முதலில் மெஷின் விற்ற கடையில் மூடிய டோமை மாட்டி அனுப்பிவிட்டார்கள். இருந்த ஒரே நல்ல காதில் தக்கை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட்டால் முறுக்குச் சத்தம் மண்டைக்குள் இடித்தது, என் குரலே குடத்துக்குள்ளிருந்து வந்தது. "பழகிடுங்க சார், பழகிடும்" என்றார்கள். மூன்று வாரம் பழகிப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டு வைத்தேன். பிறகு தருமபுரியில் வேறொரு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) மேடம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. டிராயரைத் திறந்து, ஒரு சின்ன ரப்பர் முனையை எடுத்து மாற்றினார். அவ்வளவுதான். அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. அதனால் குரல் குடத்துக்குள் கேட்டால் மெஷினைத் திட்டுமுன் டோமைக் கழற்றிப் பாருங்கள். பைகிராஸ் போடுகிறவர்களுக்கு மட்டும், குறையைப் பொறுத்து மூடிய டோம் தேவைப்படலாம்.

டோம் சரியானதுதான், முன்பு நன்றாக இருந்து இப்போது மங்கியது என்றால் குறும்பி. டோமுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சின்ன வடிகட்டி இருக்கும், வேக்ஸ் கார்டு என்பார்கள். அதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாள் இது அதிகம் அடைபடும்.

இனி ஆபத்து. மெஷினைக் கழற்றிய பிறகும் நல்ல காது மந்தமாக இருக்கிறது, நேற்றுவரை அப்படி இல்லை என்றால், அது மெஷின் விஷயமே இல்லை. காது நரம்பின் கேட்கும் திறன் திடீரென்று குறையும் நோய் ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். குறும்பியாக இருக்கும், சளியாக இருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாரம் கடத்தாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டு காது உள்ளவர்களுக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை.

கூட்டத்தில் போனால் ஒரே இரைச்சல், போடாமலே இருந்திருக்கலாம்

இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ பேர் மெஷினைப் பீரோவில் வைத்துவிட்டார்கள். இதில் பழுது ஏதும் கிடையாது, பயன்படுத்தும் விதம்தான்.

மெஷின் போடாதபோது உங்கள் தலையே ஒரு சுவர். செத்த பக்கத்துச் சத்தத்தில் கனத்த ஒலி மட்டும் தலையைச் சுற்றி வந்து சேரும். ச, த, ப என்று மெல்லிசாக வரும் எழுத்தொலியெல்லாம் சுவரில் மோதி நின்றுவிடும். பேச்சு கேட்கும், என்ன பேசினார்கள் என்று புரியாது. மைக் அந்தச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. செத்த பக்கத்தில் ஒருவர் பேசினால் லாபம். அதே பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால்? அந்த இரைச்சலையும் அக்கறையாக எடுத்து வந்து உங்கள் ஒரே நல்ல காதில் கொட்டும்.

எங்கள் ஏலத்தில் வியாபாரிகள் இடது பக்கம், எடைக்காரர் வலது பக்கம். அப்போது மைக் இருந்தே ஆக வேண்டும். ஏலம் முடிந்து லாரி ஏற்றும்போது இடது பக்கம் முழுக்க எஞ்சின், காலிப் பெட்டியைத் தூக்கிப் போடும் சத்தம். மைக்கை அணைத்துவிடுவேன். சில மாடலில் பட்டனை அழுத்தியோ போனில் உள்ள ஆப்பிலோ மைக்கின் ஒலியை மட்டும் குறைக்கலாம். எதுவும் இல்லாவிட்டால் கழற்றிச் சட்டைப் பையில் போட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பையில் சில்லறை இருக்கக்கூடாது. உதிரிப் பேட்டரியும் ஐந்து ரூபாய்க் காசும் உரசினால் பேட்டரி ஷார்ட்டாகிச் சூடாகும்.

கல்யாண மண்டபத்தில் சாப்பிட உட்காரும்போதும் இதே கணக்குதான். ஸ்பீக்கர் இருக்கும் திசைக்குச் செத்த காதைக் காட்டி உட்கார்ந்து மைக்கை அணைத்துவிடுங்கள். பேச வேண்டிய சொந்தக்காரர் நல்ல காதுப் பக்கம். தலைச் சுவர் அன்றைக்கு மட்டும் நமக்காக வேலை செய்யும்.

ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை

தெரியாது. எந்தக் கம்பெனி, எந்த விலை என்றாலும் தெரியாது. திசை கண்டுபிடிக்க இரண்டு காதிலும் வந்து சேரும் சத்தத்தின் நேர வித்தியாசமும் அளவு வித்தியாசமும் மூளைக்கு வேண்டும். கிராஸ் எல்லாவற்றையும் ஒரே காதில் விடுகிறது. இதில் இன்னொரு சிக்கல். மெஷின் இல்லாத காலத்தில் இடது பக்க ஹாரன் மங்கலாகக் கேட்கும், அதை வைத்தே "இது இடதாக இருக்கும்" என்று ஒரு குத்துமதிப்பு வந்திருக்கும். இப்போது இடது ஹாரனும் வலது காதில் தெளிவாகவே கேட்கும்! புதிதாகப் போட்டவர்கள் எதிர்த்திசைக்கு ஒதுங்கிவிடுகிறார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44-ஐக் குறுக்கே கடக்கும்போது நானும் ஒருமுறை அப்படி லாரியை நோக்கியே ஒதுங்கியிருக்கிறேன். சாலையில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். முதல் மாதம் ரோட்டில் நடக்கும்போது மைக்கை அணைத்து வைத்தால்கூடத் தப்பில்லை.

உஸ் என்று காற்று, ஹெல்மெட் போட்டால் கரகர

மைக் காதுக்குப் பின்னால் இருப்பதால் வண்டியில் காற்று நேராக அடிக்கும். ஹெல்மெட் பஞ்சு உரசும். கழற்றும்போது மைக்கும் கூடவே வரும், அது கீழே விழும் சத்தம் செத்த காதுப் பக்கத்தில் கேட்காது. முகக்கவசக் கயிறும் இதே வேலையைச் செய்யும். நான் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்ட பிறகுதான் ஹெல்மெட்டை எடுப்பேன். தொலைத்தால் திரும்பக் கைக்காசுதான், மாற்றுத்திறனாளி என்ற கணக்கில் உதவி கேட்கவும் முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 செவித்திறன் குறைபாட்டை இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு என்ற இடத்திலிருந்துதான் கணக்கிடத் தொடங்குகிறது. ஒரு காது முழுசாகச் செத்து மற்றொன்று நன்றாக இருப்பவர் அந்த வரையறைக்குள்ளேயே வருவதில்லை.

காரில் டிரைவர் சீட்டில் உட்காருபவருக்கு இடது காது செத்திருந்தால் வலது கண்ணாடியை ஏற்றி வைத்தாலே பாதி இரைச்சல் போகும்.

கீ என்று விசில் அடிக்கிறது

பைகிராஸில்தான் பெரும்பாலும் வரும். டோம் சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி. கழற்றித் திரும்பப் போடுங்கள். நிற்காவிட்டால் காதைக் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

போனைச் செத்த காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை

போனைக் காதுத் துவாரத்தில் வைத்தால் எப்படிக் கேட்கும்? மைக் காதுக்கு மேலே, பின்னால் இருக்கிறது. போனின் ஸ்பீக்கரை அங்கே உயர்த்திப் பிடியுங்கள். பார்ப்பவர் நெற்றிப்பொட்டில் போனை வைத்துப் பேசுகிறான் என்று நினைப்பார், நினைக்கட்டும். வலது கையில் பேனா பிடித்திருக்கும் என் மாதிரி ஆளுக்கு இடது பக்கம் போன் பேச முடிவது பெரிய விஷயம்.

சார்ஜ் ஏறவில்லை

சார்ஜ் போடும் ரகமென்றால் முதலில் தொடும் முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை உப்பு படிந்திருக்கும். அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் வண்டி டேங்க் கவரில் வைத்துவிட்டு வந்து உடனே போட்டால் பல மாடல்கள் சார்ஜ் ஏற்றிக்கொள்ளாது, ஆறவிட்டுப் போடுங்கள். ஜன்னலோரம், டிவி மேல் என்றெல்லாம் சார்ஜரை வைக்க வேண்டாம். ராத்திரி கரண்ட் போகும் ஊரென்றால் சாயங்காலமே ஒரு மணி நேரம் ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது.

நனைந்துவிட்டது

ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எண்ணெய் மசாஜுக்கு முன்னால் ஞாபகமாகக் கழற்றினேன். குளித்து முடித்துப் பரிசல் ஏறும்போது, "அப்பா, மெஷினைப் போட்டுக்குங்க, பேசறது கேக்கணும்ல" என்றாள் மகள். போட்டேன். பரிசல்காரர் சுழலில் ஒரு சுற்றுச் சுற்றினார், இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். மைக் இரண்டு முறை 'டிக் டிக்' என்று நின்றுபோனது.

அப்போது செய்தது: உடனே அணைத்தேன், பேட்டரியைக் கழற்றினேன், பேட்டரிக் கதவைத் திறந்தே வைத்தேன். கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை, உதறவில்லை. ஈரமான பேட்டரியைத் திரும்பப் போடாதீர்கள், அதன் காற்று ஓட்டையில் தண்ணீர் அடைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு அதன் மேல் மைக்கை வைத்து மூடினேன். மறுநாள் ராத்திரி வரை தொடவில்லை. பிழைத்துக்கொண்டது. மச்சான் அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொன்னார். அரிசித் தவிடு மைக் ஓட்டையில் போய் உட்கார்ந்தால் ஈரத்தைவிட மோசம். ஹேர் டிரையர், வெயில், இட்லிப் பானை மூடி எதுவும் வேண்டாம்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி அந்த டப்பாதான் என் மெஷினுக்குப் படுக்கை. வியர்க்கும் மாதங்களில் இது கட்டாயம். துத்தநாகப் பேட்டரியை மட்டும் டப்பாவுக்கு வெளியே வையுங்கள், சிலிக்கா ஜெல் அதையும் உலர்த்திச் சாகடிக்கும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். பேட்டரி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். முழுங்கிவிட்டால் அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி.

தலைமுடி, எண்ணெய், பவுடர், செண்ட் எல்லாம் முடித்த பிறகு கடைசியாக மாட்டுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் அறைக்குள் நுழையுமுன் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்

சர்வீசுக்குத்தான் கொடுக்க வேண்டும். "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். ராகம் கேட்டதா, தேய்த்தால் கேட்டதா, எந்த இடத்தில், எத்தனை நாளாக என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆடியாலஜிஸ்டின் வேலை பாதி குறையும்.

இரண்டு துண்டையும் சேர்த்தே கொடுங்கள். நான் ஒருமுறை கெட்டுப்போன மைக்கை மட்டும் கொடுத்துவிட்டு, மெஷினைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மைக்கை மாற்றிப் புதுசே கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒன்றுக்கொன்று யாரென்றே தெரியவில்லை. புது மைக்கை என் மெஷினோடு கம்ப்யூட்டரில் இணைத்தால்தான் பேசும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மறுபடி லீவு போட்டு, மறுபடி தருமபுரி பஸ். இப்போது இரண்டின் சீரியல் நம்பரையும் மண்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.